முகம் காட்டாத படம்

போன தை மாதக் கடைசியில், ஒரு சனிக்கிழமை நடந்தது இது. திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் சாலையில் பாதி தூரம் போய், கிளைச் சாலையில் திரும்பினால் வரும் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில்.

முதலில் நான் அங்கே ஏன் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஒரு நாளிதழின் ஆசிரியர் குழுவில் நீண்ட காலம் வேலை பார்த்தவள் நான். செய்திகளைச் சுருக்குவது, தலைப்பு வைப்பது, தப்பு பிடிப்பது. அதோடு, சினிமா பக்கத்தில் விமர்சனத்துக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம் வரும். இந்தப் படத்தைப் பிள்ளைகளோடு பார்க்கலாமா, கூடாதா, எந்த வயதுக்கு மேல் என்று நாலைந்து வரி. அதை எழுதியது நான்தான். விமர்சனத்தைத் தாண்டிப் போகிறவர்கள்கூட அந்தக் கட்டத்தைப் படித்தார்கள். ஊர்க்காரர்கள் டிக்கெட் எடுப்பதற்கு முன் போன் போட்டுக் கேட்டதும் உண்டு.

இப்போது அருப்புக்கோட்டையில் இருக்கிறேன். இங்கே நண்பர்கள் சிலர் சேர்ந்து, மாதம் ஒரு கிராமத்துப் பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு நல்ல படம் காட்டுகிறோம். வேனும் புரொஜெக்டரும் செல்போன் கடை வைத்திருக்கும் ஒரு தம்பியுடையவை. எந்தப் படம் என்று முடிவு செய்வது என் பொறுப்பு. அதனால் அவர் என்னைக் கூப்பிடுவதே ‘சென்சார் அக்கா’ என்றுதான்.

நான் ஒரு படத்தை இரண்டு முறை பார்ப்பேன். முதல் முறை எல்லாரையும் போல. இரண்டாம் முறை தரையில் உட்கார்ந்து, சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பேன். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்துதான் பார்க்கப்போகிறார்கள். அந்த உயரத்திலிருந்து திரை வேறு மாதிரி இருக்கும். சத்தம் இல்லாமல் பார்த்தால், பயம் காட்சியில் இருக்கிறதா, இசையால் ஏற்றப்பட்டதா என்பது தெரிந்துவிடும். பத்திரிகையில் யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கு நானே பழக்கிக்கொண்ட முறை. இதுவரை பெரிதாகத் தவறியதில்லை.

அந்த மாதம் நான் தேர்ந்தெடுத்திருந்தது ஒரு துக்கக் கதை. மலையும் மழையுமான ஏதோ ஒரு நகரத்தில் ஒரு குடும்பம். அப்பா நோயில் இறந்துபோகிறார். பன்னிரண்டு வயது மகளும் அம்மாவும் அதற்குப் பிறகு எப்படி இருக்கிறார்கள் என்பதுதான் முழுப்படமும். பிள்ளைகளுக்கு ஏற்றது என்று நான் முடிவு செய்ததற்குக் காரணங்கள் இருந்தன. ரத்தம் இல்லை, அலறல் இல்லை. அப்பா நட்சத்திரமாகிவிட்டார் என்பது போன்ற பொய்யான ஆறுதல் எதையும் யாரும் சொல்வதில்லை. முக்கியமாக, இறந்தவரின் முகத்தைக் காட்டவே இல்லை. வெள்ளைத் துணி சுற்றிய உடல் மின்மயானத்துக்குள் போகிறது. கேமரா வெளியே நின்று, வாசலில் காத்திருக்கும் மகளின் காலணிகளைக் காட்டுகிறது. எட்டு வயதுக்கு மேல், பெரியவர்கள் உடனிருக்கப் பார்க்கலாம். இதுதான் என் முடிவு.

பள்ளிக்குப் போய் இறங்கி, வகுப்பறை ஜன்னல்களில் ஜமுக்காளம் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் தலைமையாசிரியை கதையைக் கேட்டார். தினமும் அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். கேட்டதும் முகம் மாறிவிட்டது.

“இது வேணாங்க. ஏழாப்புல ஒரு பிள்ள இருக்கு. அவ அப்பா சவூதியில டிரைவரா இருந்தாரு. போன ஆடியில அங்கயே நெஞ்சு வலி வந்து போயிட்டாரு. அந்தப் பிள்ள இன்னும் நம்பல.”

“நம்பலன்னா?”

“வெளிநாட்டுல இருந்து யாரு லீவுல வந்தாலும் அவுக வீட்டு வாசல்ல போய் நிக்கிறா. எங்கப்பாவப் பாத்தீகளான்னு கேக்குறா. ஒருத்தருக்கும் பதில் சொல்ல வாய் வர மாட்டேங்குது.”

செல்போன் கடைத் தம்பி ஸ்பீக்கர் வயரைக் கீழே போட்டார். “அக்கா, வண்டியில யானைப் படம் ஒண்ணு கெடக்கு. அதப் போட்டுட்டுப் போயிருவோம்.”

டீச்சருக்கு வேறு யோசனை வந்தது. “இல்லன்னா அவள மட்டும், ஒனக்கு வயித்து வலி, வீட்டுக்குப் போன்னு சொல்லி அனுப்பிருவோமா?”

“வயித்து வலி வந்தா அவதான டீச்சர் ஒங்ககிட்டச் சொல்லணும்? நீங்க எப்படி அவகிட்டச் சொல்லுவீக?” என்றார் தம்பி. டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டும் சரியில்லை என்று நான் சொன்னேன். ஒருத்தியை மட்டும் வெளியே அனுப்பினால், மற்ற பிள்ளைகள் படத்தை விட்டுவிட்டு அவளைப் பற்றித்தான் பேசும். படத்தை மாற்றுவது எளிது. ஆனால் ஊரே வாய் திறக்காமல் இருக்கும் ஒரு விஷயத்தில் நாமும் போய்ச் சேர்ந்துகொள்வதாகத்தான் அது முடியும். படம் பிள்ளைகளுக்கு ஏற்றதா என்று சொல்வது என் வேலை, சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளைக்கு வேண்டுமா என்று சொல்ல வேண்டியவர் அவள் அம்மா. போய்க் கேட்டுவிடலாம் என்றேன்.

அம்மாவைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கு வரும் தார்ச்சாலையில்தான் குதிரைவாலிக் கதிரைப் பரப்பியிருந்தார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறி ஏறி மணி உதிரும். எங்கள் வேனும் அதன்மேல்தான் வந்திருந்தது. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு பெண், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கம்பால் தாளைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

எங்களைப் பார்த்ததும், “பெரிய டீச்சர், அந்த வேன ஓட்டிட்டு வந்த அண்ணன இன்னொருக்கா இந்தப் பக்கமா வந்துட்டுப் போகச் சொல்லுங்க. அரவாசி உதுந்துருச்சு” என்றார்.

டீச்சர் என்னை அறிமுகப்படுத்தினார். நான் சுற்றி வளைக்கவில்லை. படத்தின் கதையை முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். எந்த இடத்தில் அப்பா சாகிறார், அதன் பிறகு மகள் என்ன செய்கிறாள், எப்படி முடிகிறது எல்லாவற்றையும். அவர் கம்பை நிறுத்தாமல் கேட்டார்.

“வருஷம் திரும்பல” என்றார். “எங்க பக்கம் வருஷம் திரும்பாம நல்லது பொல்லதுக்குப் போக மாட்டோம். வீட்டுல டிவி கூடப் போடுறதில்ல. படம் பாத்தோம்னா ஒரு மாதிரி பேசுவாக.”

அது நியாயம். அவர் வேண்டாம் என்றால் யானைப் படம்தான் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். அப்போது அவர் கேட்டார்.

“அக்கா, அந்தப் படத்துல செத்தவுக மொகத்தக் காட்டுவாகளா?”

ஒரு தாயின் பயம் என்று எடுத்துக்கொண்டு, தைரியம் சொல்லும் குரலில் பதில் சொன்னேன். “இல்லம்மா. துணியில சுத்தியிருக்கும். கடைசி வரைக்கும் முகத்தக் காட்டவே மாட்டாங்க.”

கம்பு நின்றது.

“அதுலயுமா?” என்றார்.

பிறகு அவரே சொன்னார். இறந்து சில வாரங்கள் கழித்துத்தான் உடல் வந்ததாம், பெட்டியில். வீட்டுக்குள் இறக்கவில்லை. ஆம்புலன்ஸ் ஊர்ப் பொதுவெளியான மந்தையில் நின்று, அங்கிருந்தே சுடுகாட்டுக்குப் போய்விட்டது. பெட்டியைத் திறக்கவில்லை. நீர்மாலை எடுத்துக் குளிப்பாட்டவில்லை. இந்தப் பக்கம் சுடுகாட்டில் எரியூட்டுவதற்கு முன், “மொகம் பாக்காதவுக வந்து பாத்துக்கங்க” என்று ஒரு குரல் கொடுப்பார்கள். பகையாளிகூட வந்து ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போவான். அன்றைக்கு அந்தக் குரலைக் கொடுக்கவில்லை. மூடிய பெட்டியில் பார்க்க எதுவும் இல்லை என்பதால்.

எந்த ஒன்றைப் படத்தின் முதல் தகுதியாக நான் குறித்திருந்தேனோ, அதுதான் இந்த வீட்டில் ஆறாமல் இருந்தது.

அவர் கம்பைச் சாலையோரத்தில் சாய்த்து வைத்தார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

“போடுங்க. அவளும் பாக்கட்டும். நானும் வாரேன்.”

“ஊருல பேசுவாங்கன்னு சொன்னீங்களே” என்றேன்.

“பேசுனாப் பேசிட்டுப் போறாக. அவ பக்கத்துல நாந்தான இருக்கணும்?”

பள்ளிக்குத் திரும்பி நடக்கும்போது, இப்போதும் மாற்றிவிடலாமா என்று ஒருமுறை யோசித்தேன். இல்லை என்றே தோன்றியது. படத்தின் நேர்மை குறைந்துவிடவில்லை. நான் கணக்கில் எடுக்காத ஒரு கேள்வி இந்த ஊரில் இருக்கிறது, அவ்வளவுதான். கேள்வி வந்தால் பதில் சொல்ல அம்மா வருகிறார். தம்பியிடம் இரண்டு விஷயம் சொன்னேன். சத்தத்தைக் குறைத்து வைக்க வேண்டும். நான் கை தூக்கினால் உடனே படத்தை நிறுத்த வேண்டும். கதவையும் ஒருக்களித்துத் திறந்தே வைத்தோம், எழுந்து போக நினைக்கும் பிள்ளை போகட்டும் என்று.

படம் ஆரம்பித்தது. பிள்ளைகள் முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழாம் வகுப்புப் பெண் மூன்றாவது வரிசையில். இரட்டைச் சடை, பச்சை ரிப்பன். அம்மா பின்சுவரை ஒட்டித் தரையில் உட்கார்ந்தார். உள்ளங்காலில் குதிரைவாலித் தூசி அப்படியே இருந்தது.

படத்தில் வரும் அப்பா ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டே கர்ணகடூரமாகப் பாடுவார். அதற்குச் சிரித்தார்கள். ஆஸ்பத்திரிக் காட்சியில் அமைதி வந்தது. பிறகு வெள்ளைத் துணி. மழையில் குடை பிடித்து நிற்கும் ஆட்கள். யாரும் வாய்விட்டு அழாத மரணம். நான் எந்த இடத்தில் பிள்ளைகள் பயப்படலாம் என்று நினைத்தேனோ, அங்கே அவர்கள் குறை சொல்ல ஆரம்பித்தார்கள்.

“கொட்டு எங்கலே?”

“ஒருத்தரும் கட்டிப்பிடிச்சு அழல பாரு. அந்த ஊருல அழுகத் தெரியாதோ?”

“பந்தமும் பிடிக்கல.”

“ஏலே, கூமுட்ட. அப்பாவுக்கெல்லாம் பந்தம் பிடிக்க மாட்டாக. தாத்தா செத்தாத்தான் பேரப்பிள்ளைக பந்தம் பிடிக்கும். நான் பிடிச்சிருக்கேன்.”

சொன்ன பையனுக்கு அதில் பெருமை. தாத்தாவின் உடலைச் சுற்றி நெய்ப்பந்தம் ஏந்தி நின்ற பிள்ளைகள் அந்த அறையில் பலர் இருந்தார்கள். சாவு வீட்டில் அவர்களுக்கு ஒரு வேலை இருந்தது. சினிமாவில் ஒரு வெள்ளைத் துணியைப் பார்த்து அவர்கள் ஏன் பயப்படப்போகிறார்கள்?

உடல் மயானத்துக்குள் போய், கதவு மூடியது. திரையில் மகளின் காலணிகள் மட்டும். அப்போது முன்வரிசையில் ஒரு பையன் சாதாரணமாகச் சொன்னான்.

“மொகம் பாக்காதவுக பாத்துக்கங்கன்னு சொல்லவே இல்லயே.”

மூன்றாவது வரிசையிலிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது. சத்தமாக, தெளிவாக.

“அப்ப அது அவ அப்பா இல்ல.”

நான் கை தூக்கினேன். படம் நின்றது. டீச்சர் எழுந்தார், வேண்டாம் என்று தலையசைத்தேன். அந்தப் பெண் திரும்பி, எல்லாத் தலைகளுக்கும் மேலாகப் பின்சுவரைப் பார்த்தாள்.

“நம்மளும் தொறக்கலல்ல?”

“தொறக்கல தாயி” என்றார் அம்மா. இருட்டில் அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. குரல் உடையவில்லை என்பது மட்டும் தெரிந்தது. “ஆனா ஒன் மாமா தொறந்து பாத்துச்சு. ஏர்போர்ட்டுல இருந்து வார வழியில வண்டிய நிப்பாட்டி, அது மட்டும் பாத்துச்சு.”

“எங்கிட்டச் சொல்லவே இல்ல.”

“எங்கிட்டயும் அம்புட்டுத்தான் சொல்லுச்சு. நான் பாத்துட்டேன், நீங்க பாக்க வேணாம்னு.”

“என்ன பாத்துச்சுன்னு கேட்டியா?”

அம்மா சுவரை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கேக்கல. எனக்குத் தைரியம் வரல. நாளைக்கு வரச் சொல்றேன். நீயும் நானும் கேப்போம்.”

அப்போது வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த நான்காம் வகுப்புப் பொடியன் ஒருவன், “என்னண்ணே, கரெண்டு போயிருச்சா?” என்று கேட்டான். அறை முழுக்கச் சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள். எழுந்து, பிள்ளைகளின் கால்களுக்கு இடையில் காலை வைத்துப் பின்னால் போய், அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“போடுங்க” என்றாள் தம்பியிடம்.

மீதிப் படத்தைப் போட்டோம். முடிந்ததும், படத்தைப் பற்றிக் கேட்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. அப்பா செத்த வீட்டில் அன்றைக்கு யார் சோறு ஆக்குவார்கள், அந்த ஊரில் சொந்தக்காரர்களே கிடையாதா என்று ஒரு பிள்ளைக்குக் கவலை. மழை பெய்யும் ஊராக இருந்தும் ஏன் அந்த வீட்டில் ஒரு ஆடு இல்லை என்று இன்னொருவனுக்குச் சந்தேகம். பெரியவர்களுக்கான விமர்சனக் கூட்டங்களில் நான் இவ்வளவு கவனமான கேள்விகளைக் கேட்டதில்லை.

திரும்பி வரும்போது தம்பி குதிரைவாலிக் கதிர்மேல் வேனை மெதுவாக ஏற்றி, பின்னால் வந்து, மறுபடியும் ஏற்றினார். அந்த அம்மா கையை ஆட்டினார். அருப்புக்கோட்டைக்குள் நுழையும்போது தம்பி, “யானைப் படம் போட்டிருந்தா இம்புட்டுப் பேச்சு வந்திருக்காதுக்கா” என்றார். குறையாகச் சொன்னாரா, நிறைவாகச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு என்ன ஆனது என்று தெரியாமலேயே போயிருக்கும். பங்குனியில் ஒருநாள் காலை, அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவர்களைப் பார்த்தேன். செருப்பு வாங்க வந்திருந்தார்கள். அந்தப் பெண்தான் என்னை அடையாளம் கண்டாள்.

“நீங்க படம் போட வந்தவுகதான?”

அம்மா சிரித்தார். மல்லாங்கிணற்றில் கடை வைத்திருக்கும் தன் அண்ணன் மறுநாளே வந்தார் என்றார். உடனே சொல்லவில்லையாம். காபியைக் குடிக்காமல் ஆறவிட்டு உட்கார்ந்திருந்தாராம். மகள் விடவில்லையாம்.

“மாமா என்ன சொன்னாரு?” என்று நான் அவளிடமே கேட்டேன்.

அவள் ஒரு சாட்சியைப் போல வரிசையாகச் சொன்னாள். மொகம் கொஞ்சம் கறுத்திருந்ததாம். மீசை அப்படியே இருந்ததாம். புருவத்தில், சின்ன வயதில் பம்புசெட்டில் விழுந்த தழும்பு இருந்ததாம்.

“எங்கப்பா இந்தப் பக்கம் வகிடு எடுக்கும்.” தன் தலையில் தொட்டுக் காட்டினாள். “அங்க உள்ளவுக தெரியாம அந்தப் பக்கமா எடுத்துச் சீவி வச்சிருந்தாகளாம். மாமா தன் சீப்ப எடுத்து, மாத்திச் சீவி விட்டுச்சாம். பெறகுதான் மூடுச்சாம்.”

அவளே முடித்தாள்.

“அப்ப அது எங்கப்பாதான்.”

அழவில்லை. ஒரு கணக்கைப் போட்டு விடையைச் சொல்வது போலச் சொன்னாள். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “நரிக்குடி பஸ்ஸு வந்துருச்சு, வா” என்று அவளை இழுத்துக்கொண்டு போனார். ஏறும் முன் அந்தப் பெண் திரும்பி, அடுத்த தடவை எப்போது வருவீர்கள் என்று கேட்டாள். அந்த யானைப் படத்தைக் கொண்டு வரச் சொன்னாள். யார் சொல்லிவைத்தார்களோ.

நாளிதழில் ஒரு சாவுச் செய்தி வந்தால் நாங்கள் முதலில் கேட்பது, நேரில் பார்த்தவர் யார், என்ன பார்த்தார் என்றுதான். அதுவரை அச்சுக்குப் போகாது. அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண் ஆடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்ததும் அதைத்தான். அவளுக்கு ஆறுதல் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். பார்த்ததைச் சொல்ல ஒருவர்தான் இருந்தார். அவரும், அவள் தாங்கமாட்டாள் என்று நினைத்து, வகிட்டை மாற்றிச் சீவிய கையை மடக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் படத்தைப் பற்றிய என் முடிவை நான் மாற்றவில்லை. எட்டு வயதுக்கு மேல், பெரியவர்களோடு பார்க்கலாம். ஆனால் எந்தப் பள்ளிக்குக் கொண்டுபோனாலும் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இதில் இறந்தவரின் முகம் வராது, பிள்ளைகள் கேட்பார்கள், சொல்லத் தெரிந்தவர்கள் உள்ளே வந்து உட்காருங்கள். ஒரு படம் பிள்ளைகளுக்கு ஏற்றதா என்று திரையைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று நம்பியிருந்தவள் நான். இப்போது அந்த வெள்ளைத் துணி வரும்போதெல்லாம் திரையை விட்டுவிட்டு, எந்தப் பிள்ளை யாரைத் திரும்பிப் பார்க்கிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.